முதலீட்டு வங்கிப் பணிக்கு வழி எது? வைப்பின் தீவில் ஒரு பாடம்

புது தில்லி: மேலாண்மைக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் வளாகத் தேர்வுகளில் முதல் வரிசையில் வந்து, பெரும் ஊதியம் பேசி, விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களை மட்டும் அழைத்துச் செல்பவை முதலீட்டு வங்கிகள். அந்த வேலைக்குள் நுழைவது எப்படி என்ற கேள்விக்கு, எந்தப் பட்டம், எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி என்ற பட்டியலே பதிலாகத் தரப்படுகிறது. அந்த வேலை எதைச் செய்கிறது, யாருடைய சொத்துக்கு விலை வைக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள மும்பையின் கண்ணாடிக் கட்டடங்களைவிடக் கொச்சிக்கு எதிரே கிடக்கும் வைப்பின் தீவு நல்ல இடம். கடலுக்கும் காயலுக்கும் இடையே, கோட்டைக் கொச்சியின் எதிர்க்கரையில் தொடங்கி வடக்கே முனம்பம் வரை நீண்டு கிடக்கும் ஒடுங்கிய தீவு இது. 1341-ல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பிறகு கடல் வைத்துவிட்டுப் போன மண் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பர். மீனவர்கள் நெருக்கமாக வாழும் இந்தத் தீவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த திட்டங்களை வரிசையாகப் பார்த்தால், முதலீட்டு வங்கியாளரின் வேலை முழுவதும் கண்முன் வரும். அந்த வேலை எங்கே தவறுகிறது என்பதும் தெரியும்.

பெயரில் மட்டும் வங்கி

முதலீட்டு வங்கி, பெயரில் வங்கியாக இருந்தாலும் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதில்லை, நகைக்கடனும் தருவதில்லை. பணம் தேவைப்படும் நிறுவனத்துக்கோ அரசுக்கோ எவ்வளவு பணம், கடனாகவா பங்காகவா, யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்று கணக்கிட்டுச் சொல்லி, அதைத் திரட்டியும் கொடுத்துக் கட்டணம் பெறுவது அதன் தொழில். ஒரு நிறுவனத்தை மற்றொன்று வாங்கும்போது இரு தரப்புக்கும் ஆலோசனை கூறுவது அடுத்த பணி.

இந்தத் தொழில் இன்றைய வடிவத்தைப் பெற்றதற்கு நாடாளுமன்றம் எடுத்த முடிவு ஒன்றே காரணம். 1947-ம் ஆண்டின் மூலதன வெளியீடுகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நிறுவனம் தன் பங்கை என்ன விலைக்கு விற்கலாம் என்பதை நிதி அமைச்சகத்தில் இருந்த கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு செய்தார். 1992-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் 'செபி' எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது. விலை நிர்ணயிக்கும் வேலை தில்லி அதிகாரியின் மேசையிலிருந்து தனியார் ஆலோசகரின் மேசைக்கு மாறியது. இந்த ஆலோசகருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'மெர்ச்சன்ட் பேங்கர்'. அவருக்கான விதிமுறைகளும் 1992-ல்தான் வந்தன.

பாலம் வந்த கணக்கு

வைப்பின் மக்கள் எர்ணாகுளம் செல்ல நெடுங்காலம் படகையே நம்பியிருந்தனர். பாலம் கட்ட அரசிடம் பணம் இல்லை. 1994-ல் அமைக்கப்பட்ட கோஸ்ரீ தீவுகள் மேம்பாட்டு ஆணையம் இதற்கு ஒரு வழி கண்டது. எர்ணாகுளம் கரையோரக் காயலில் சுமார் 25 ஹெக்டேர் பரப்பைத் தூர்த்து நிலமாக்கி, அதை விற்ற பணத்தில் பாலங்கள் கட்டப்பட்டன. எர்ணாகுளத்திலிருந்து போள்காட்டி, வல்லார்பாடம் வழியாக வைப்பினை இணைக்கும் மூன்று கோஸ்ரீ பாலங்கள் 2004-ல் திறக்கப்பட்டன.

இன்னும் இல்லாத சொத்து ஒன்றை உருவாக்கி, அதன் எதிர்கால விலையைக் கொண்டு இன்றைய செலவை ஈடுகட்டுவதுதான் இதில் உள்ள நுட்பம். திட்ட நிதி என்று பாடநூல்கள் அழைப்பது இதைத்தான். காயலைத் தூர்த்ததற்கான இழப்பு எந்த ஏட்டில் எழுதப்பட்டது என்ற கேள்வியையும் மாணவர் இங்கேயே கேட்கப் பழகலாம்.

புதுவைப்பு எரிவாயு முனையம்

தீவின் தென்முனையில் உள்ள புதுவைப்பில் நிற்கிறது பெட்ரோநெட் எல்.என்.ஜி. நிறுவனத்தின் திரவ இயற்கை எரிவாயு முனையம். 1998-ல் பதிவு செய்யப்பட்ட இந்த நிறுவனம் 2004 மார்ச்சில் பங்கு ஒன்று 15 ரூபாய் வீதம் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றது. அதற்குப் பிறகு அதன் பங்குதாரர் பட்டியல் இப்படி அமைந்தது: கெயில், ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் ஆகிய நான்கும் தலா 12.5 சதவீதம், பிரான்ஸின் காஸ் டி பிரான்ஸ் 10 சதவீதம், ஆசிய வளர்ச்சி வங்கி 5.2 சதவீதம், எஞ்சிய 34.8 சதவீதம் பொதுமக்கள் மற்றும் பிற முதலீட்டாளர்கள்.

பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் சேர்ந்து 50 சதவீதத்தோடு நின்றதைக் கவனிக்க வேண்டும். 51 சதவீதம் ஆகியிருந்தால் அது சட்டப்படி அரசு நிறுவனத்துக்கு உரிய தணிக்கை, கண்காணிப்பு வளையத்துக்குள் சென்றிருக்கும். பெட்ரோலியத் துறைச் செயலர் தலைவராக இருந்தும், அது பொதுத்துறை நிறுவனம் அல்ல. ஒரு சதவீதத்தில் இத்தனை மாற்றம் உண்டு. முதலீட்டு வங்கித் துறையில் 'கட்டமைத்தல்' என்று சொல்லப்படும் வேலை இதுதான். நாடாளுமன்றத்துக்கு ஒரு நிறுவனம் எந்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே இத்தகைய தாள்களில் முடிவாகிறது.

ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுடன், 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் அமைந்த புதுவைப்பு முனையம் 2013-ல் செயல்படத் தொடங்கியது. கப்பல் வந்தது, எரிவாயுவை எடுத்துச் செல்லக் குழாய் இல்லை. முதல் சில ஆண்டுகளில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை.

குழாய் ஏன் வரவில்லை என்பது தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கு அறிந்த கதை. கொச்சியிலிருந்து பாலக்காடு மாவட்டம் கூற்றநாடு வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் கெயில் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் ஊடாகத் திட்டமிடப்பட்டிருந்தது. விவசாயிகள் எதிர்த்தனர். 2013-ல் தமிழக அரசு, நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டு செல்லுமாறு கூறிப் பணியை நிறுத்தச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கேரளத்தின் வட மாவட்டங்களிலும் எதிர்ப்பு இருந்தது. கொச்சி - மங்களூரு இடையிலான 450 கி.மீ. குழாய்ப் பாதையைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தது 2021 ஜனவரியில்தான். முனையம் தயாராகி அதற்குள் ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

குழாய் எந்த ஆண்டில் தயாராகும் என்பது கணக்குத்தாளில் ஒரு கட்டத்தில் எழுதப்படும் எண். அந்த எண் தவறினால் கீழே உள்ள அத்தனை எண்களும் தவறும். அவிநாசி விவசாயியின் வயல் வரப்பு அந்தத் தாளில் இல்லை. அதே புதுவைப்பில் இந்தியன் ஆயிலின் சமையல் எரிவாயு முனையப் பணியும் உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2017 ஜூனில் அங்கு போலீஸார் தடியடி நடத்தினர். பக்கத்து வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்காக 2008-ல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களின் மறுவாழ்வு அதன்பின் பல்லாண்டுகள் அரசியல் பிரச்னையாக நீடித்தது. நிலத்தையும் மக்களையும் அறியாத ஆலோசகர் எழுதும் கணக்குக்கு என்ன நேரும் என்பதை இந்தத் தீவு மூன்று முறை காட்டியிருக்கிறது.

பங்கு வெளியீடு நடப்பது எப்படி?

வைப்பினிலிருந்து பாலம் கடந்தால் எர்ணாகுளத்தில் கொச்சி கப்பல் கட்டும் தளம். 2017 ஆகஸ்டு 1 முதல் 3 வரை அதன் பொதுப் பங்கு வெளியீடு நடந்தது. எஸ்.பி.ஐ. கேப்பிடல் மார்க்கெட்ஸ், எடெல்வைஸ், ஜே.எம். ஃபைனான்ஷியல் ஆகியவை அதை நடத்தின. மொத்தம் சுமார் 3.4 கோடி பங்குகள். இதில் சுமார் 2.26 கோடி புதிய பங்குகள். அந்தப் பணம் புதிய உலர் தளம், கப்பல் பழுதுபார்ப்பு வசதி ஆகியவற்றுக்காக நிறுவனத்துக்குச் சென்றது. எஞ்சிய 1.13 கோடி மத்திய அரசு விற்ற பங்குகள்; அந்தப் பணம் அரசு கஜானாவுக்குச் சென்றது. ஒரே வெளியீட்டில் இரண்டு பணப்பைகள் இருப்பதைப் பிரித்தறிவதே இந்தத் தொழிலின் முதல் பாடம்.

விலை 424 ரூபாய் முதல் 432 ரூபாய் வரை என அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு வைத்ததைப்போல் சுமார் 76 மடங்கு பங்குகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலிடப்பட்ட நாளிலேயே விலை 500 ரூபாயைத் தாண்டி முடிந்தது. அப்படியானால் அரசு குறைந்த விலைக்கு விற்றதா? இதற்கு நேர்மாறாக, 2022 மே மாதம் 949 ரூபாய்க்கு விற்கப்பட்ட எல்.ஐ.சி. பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளில் அதைவிடக் குறைந்த விலையில் தொடங்கியது. அப்போது நஷ்டப்பட்டது பாலிசிதாரர்கள் உள்ளிட்ட சிறு முதலீட்டாளர்கள். குறைத்து வைத்தால் அரசுக்கு இழப்பு. கூட்டி வைத்தால் மக்களுக்கு இழப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே எண்ணைத் தேடுபவரே முதலீட்டு வங்கியாளர்.

வேலையில் சேரும் இளைஞர் அந்த எண்ணை முடிவு செய்வதில்லை. நிறுவனத்தின் பல ஆண்டுக் கணக்குகளைப் படித்து அட்டவணை போடுவது, வழக்குகளையும் வரி நிலுவைகளையும் திரட்டுவது, வெளியீட்டு ஆவணத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் இருக்கிறதா எனச் சரிபார்ப்பது ஆகியவையே முதல் சில ஆண்டுகளின் பணி. அந்தச் சரிபார்ப்புக்கு மெர்ச்சன்ட் பேங்கர் செபியிடம் கையெழுத்திட்டுச் சான்று அளிக்க வேண்டும்.

நுழைவதற்கான வாயில்கள்

முதல் வாயில், அனைவரும் அறிந்த இந்திய மேலாண்மைக் கழகங்கள். பொது நுழைவுத் தேர்வான 'கேட்' எழுதி இவற்றில் சேரலாம். கோழிக்கோட்டில் 1996-லும் திருச்சியில் 2011-லும் இவை தொடங்கப்பட்டன. பழைய கழகங்களில் இரண்டாண்டுப் படிப்புக்கான கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சேருவோர் பிணையின்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

இரண்டாவது, பட்டயக் கணக்காளர் படிப்பு. செலவு குறைவு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. பிளஸ் 2 முடித்தோர் அடிப்படைத் தேர்வு எழுதிச் சேரலாம். வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதமும் மற்றவர்கள் 60 சதவீதமும் பெற்றிருந்தால் நேரடியாக இடைநிலைக்குச் செல்லலாம். பிறருடைய கணக்கேட்டைப் படிக்கும் பழக்கம் இதில் கிடைப்பதால், சாதாரணக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதுவே உறுதியான வழி.

மூன்றாவது, பொதுத்துறை. பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரித் தேர்வு எழுதிச் சேர்ந்தவர்கள் பெருங்கடன், திட்ட நிதிப் பிரிவுகளுக்குச் செல்ல வாய்ப்பு உண்டு. 1986-ல் தொடங்கப்பட்ட எஸ்.பி.ஐ. கேப்பிடல் மார்க்கெட்ஸ் அந்த வங்கியின் துணை நிறுவனமே. மின் நிதிக் கழகம், ஆர்.இ.சி., இந்திய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம், 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான தேசிய உள்கட்டமைப்பு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி ஆகியவற்றிலும் திட்டங்களை மதிப்பிடும் பணி உண்டு. ஊதியம் தனியாரைவிடக் குறைவு, கற்பது குறைவல்ல.

நான்காவது, சிறிய நிறுவனங்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களின் பங்குகளுக்கென மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் 2012-ல் தனித் தளங்களைத் தொடங்கின. அவற்றைக் கையாளும் சிறு மெர்ச்சன்ட் பேங்கர்கள் கல்லூரிப் பெயரை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. செபி 2006-ல் அமைத்த தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் சான்றிதழ்த் தேர்வில் 60 சதவீதம் பெற்றால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். வேலையில் சேர்வதற்கு முன்பே இதை எழுதி வைத்திருப்பது நன்று. கடன்தர மதிப்பீட்டு நிறுவனங்கள், பன்னாட்டு வங்கிகள் சென்னையிலும் பெங்களூரிலும் நடத்தும் ஆய்வு மையங்கள் ஆகியவற்றில் தொடங்கிப் பிறகு மாறுவோரும் உண்டு.

எந்த வாயிலானாலும் தயாரிப்பு ஒன்றே. வெளியீட்டு ஆவணங்கள் அனைத்தும் செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொச்சி கப்பல் தளத்தின் ஆவணத்தையும் பெட்ரோநெட்டின் ஆண்டறிக்கைகளையும் எடுத்துவைத்து, தாமே விலை போட்டுப் பார்த்து, சந்தை சொன்ன விலையோடு ஒப்பிடும் மாணவர் நேர்முகத் தேர்வில் தடுமாற மாட்டார்.

கதவு யாருக்குத் திறக்கிறது?

விலை பேசுவது கொச்சிக்குப் புதிய கலை அல்ல. வைப்பினிலிருந்து படகில் கடக்கும் தூரத்தில் உள்ள மட்டாஞ்சேரியில் 1957-ல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கம், முன்பேர வர்த்தகத்தில் உலகமே கவனித்த விலையைக் கூறி வந்தது. 2000-களில் கணினி வழி தேசியச் சந்தைகள் வந்ததும் அந்தக் கூடம் ஒடுங்கியது. 1978-ல் தொடங்கிய கொச்சிப் பங்குச் சந்தை 2014-ல் விடைபெற்றது. வட்டாரச் சந்தைகள் மறைந்தபின், இந்தத் தொழிலைக் கண்ணால் கண்டு கற்க மும்பைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மீனவர் மகனுக்கும் நெசவாளர் மகளுக்கும் இந்தத் தூரம் கிலோமீட்டரில் அளக்கக் கூடியதல்ல.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு வழங்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2006-ல் நிறைவேற்றியது. 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேலாண்மைக் கழகங்களின் கதவு அதன்மூலம் விரிந்தது. ஆனால், வளாகத் தேர்வுக்கு வரும் தனியார் நிறுவனங்களுக்கு அத்தகைய கடப்பாடு எதுவும் இல்லை. தனியார் துறையில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி இளைஞர்களின் வாய்ப்பு குறித்துத் தேசிய அளவில் விவாதம் தொடங்கப்படும் என்று 2004-ல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் கூறியது. அதன்பின் ஆட்சிகள் மாறின; சட்டம் வரவில்லை.

இது வேலைவாய்ப்புப் பிரச்னை மட்டுமல்ல. 2001-ல் பால்கோ நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கு 551.5 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, அதன் மதிப்பீடு சரிதானா என்று மக்களவையில் பெரும் விவாதம் நடந்தது, தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் விற்பனையில் தலையிட மறுத்தது. 2003-ல் பாரத் பெட்ரோலியத்தையும் இந்துஸ்தான் பெட்ரோலியத்தையும் நாடாளுமன்ற ஒப்புதல் இன்றித் தனியார்மயமாக்க முடியாது என உச்ச நீதிமன்றம் கூறியது. அவற்றை நாட்டுடைமையாக்கிய சட்டங்களோ 2016-ல் பழைய சட்டங்கள் நீக்கப்பட்ட தொகுப்போடு அதிக விவாதமின்றி நீங்கின. 2019-ல் பாரத் பெட்ரோலியத்தின் 53.29 சதவீதப் பங்கை விற்க அமைச்சரவை முடிவு செய்தது. 2022-ல் அது கைவிடப்பட்டது. கொச்சி சுத்திகரிப்பு ஆலை அந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய விவாதங்களில் உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சர்கள் கையில் எடுப்பது ஆலோசகரின் மதிப்பீட்டு அறிக்கையைத்தான். பொதுச் சொத்தின் விலையை எழுதும் அறையில் ஒரே வகைக் கல்லூரி, ஒரே வகை நகரம், ஒரே வகைக் குடும்பத்தினர் மட்டும் அமர்ந்திருந்தால், வயல் வரப்பும் மீன்பிடி துறையும் அந்த அறிக்கையில் விடுபட்டுப் போவதில் வியப்பில்லை.

உழைப்பும் ஒழுக்கமும்

இந்த வேலையின் கடுமையை மறைப்பது முறையாகாது. ஒப்பந்தம் நெருங்கும் வாரங்களில் நள்ளிரவு தாண்டியும் அலுவலகத்தில் இருக்க நேரிடும். 2013-ல் லண்டனில் முதலீட்டு வங்கி ஒன்றின் 21 வயதுப் பயிற்சி மாணவர் இறந்ததை அடுத்து உலகெங்கும் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. 2015-ல் கோல்ட்மேன் சாக்ஸ் தன் பயிற்சி மாணவர்கள் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என அறிவித்தது. ஊதியத்தை மட்டும் எண்ணிச் சேருவோர் வேலை நேரத்தையும் எண்ணிக்கொள்வது நல்லது.

மற்றொன்று இரகசியம். ஒரு நிறுவனம் விற்கப்படப் போகிறது என்பது வெளியே தெரிவதற்கு முன் மெர்ச்சன்ட் பேங்கரின் கடைநிலை ஊழியருக்குத் தெரியும். அந்தத் தகவலைக் கொண்டு தாமோ உறவினரோ பங்கு வாங்கினால், 2015-ம் ஆண்டின் உள்வணிகத் தடை விதிமுறைகளின்படி அது குற்றம். முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்கு முன்பே இளைஞர் அறிந்திருக்க வேண்டிய விதி இது.

வைப்பின் தீவில் இன்னும் திட்டங்கள் வரும். தூத்துக்குடிக்கும் எண்ணூருக்கும் வரும். அவற்றுக்கான கணக்கைப் போடப் போவது யார் என்பதை இன்றைய கல்லூரி மாணவர்கள் முடிவு செய்யலாம். கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்து, அதில் எழுதப்படாததையும் கேட்கத் தெரிந்த இளைஞர்கள் தமிழ்நாட்டின், கேரளத்தின் சிற்றூர்களிலிருந்து அந்த மேசைக்குச் சென்றால், அவர்களுக்கு நல்ல ஊதியம் கிடைக்கும். குழாய் எந்த ஆண்டில் வரும் என்ற கட்டத்தில் சரியான எண்ணை எழுதவும் ஆள் கிடைக்கும்.